மலைப்பாதைச் சைக்கிளுக்கு எந்தச் சில்லு: 26, 27.5, 29?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருக்கும், 5 அடி 4 அங்குல உயரமுள்ள ஒருவர், வார நாட்களில் கோட்டையிலுள்ள அலுவலகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹங்வெல்லை, அவிசாவளைப் பக்கத்து இறப்பர்த் தோட்டப் பாதைகளுக்கும், வாய்ப்புக் கிடைத்தால் மலைநாட்டுக்கும் கொண்டுபோகத்தக்க ஒரு மவுண்டன் பைக்கைத் தேடுகிறார். 29 அங்குலம்தான் இன்றைய அளவு என்கிறார் கடைக்காரர். கூட ஓடும் நண்பர் 27.5 போதும் என்கிறார். இதற்கிடையில் பாதி விலைக்குப் பாவித்த 26 அங்குலச் சைக்கிள் ஒன்றும் வந்திருக்கிறது. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

உங்கள் உயரத்துக்கு, சிறிய பிரேமும் 27.5 அங்குலச் சில்லும் கொண்ட சைக்கிளையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் அதற்கான காரணம் சில்லில் இல்லை, பிரேமில் இருக்கிறது. சில்லின் அளவைத் தனியாகத் தீர்மானித்துவிட்டு, பிறகு அதற்கொரு சைக்கிளைத் தேடுவதால்தான் இந்த விடயம் இவ்வளவு குழம்புகிறது. உடம்புக்குப் பொருந்தும் பிரேமைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பிரேமை வடிவமைத்தவர் எந்தச் சில்லை மனத்தில் வைத்து வரைந்தாரோ அதுவே பெரும்பாலும் சரியான சில்லாக இருக்கும். ஏன் அப்படி என்பதை விளக்குவதற்கு முன்னர், இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

டயரின் பக்கத்தில் பெரிதாகப் பொறித்திருக்கும் 26, 27.5, 29 ஆகியவை காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தை ஏறத்தாழக் குறிக்கும் பெயர்களேயன்றி, துல்லியமான அளவுகள் அல்ல. கணக்கில் எடுக்கவேண்டிய அளவு, டயரின் விளிம்பு றிம்மில் அமரும் இடத்தின் விட்டம். ஐஎஸ்ஓ 5775 தரத்தின்படி 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு அது 559 மில்லிமீற்றர், 27.5க்கு 584, 29க்கு 622. டயரில் சிறிய எழுத்தில் 57-584 என்று இருந்தால், அதன் அகலம் 57 மில்லிமீற்றர் (அதாவது 2.25 அங்குலம்), அமரும் விட்டம் 584 மில்லிமீற்றர் என்று பொருள். இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: 26க்கும் 27.5க்கும் இடையே 25 மில்லிமீற்றர்தான் வேறுபாடு, 27.5க்கும் 29க்கும் இடையே 38. ஆகவே 27.5 என்பது பெயர் சொல்வதுபோல நட்டநடுவில் நிற்கும் அளவு அல்ல. அது 26இன் பக்கமாகச் சாய்ந்த அளவு.

நமது ஊரில் இந்தச் சிறிய எழுத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது மிகவும் அவசியம். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியாகும் நகரச் சைக்கிள்கள் பலவற்றில் 26 × 1 3/8 என்ற டயர் இருக்கும். அதுவும் 26 அங்குலம்தான், ஆனால் அதன் அமரும் விட்டம் 590 மில்லிமீற்றர். மலைச் சைக்கிளின் 559 மில்லிமீற்றர் றிம்மில் அது நிற்கவே நிற்காது. நம் பெரியவர்கள் ஓடிய, கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிளின் 28 × 1 1/2 டயர் 635 மில்லிமீற்றர். அதாவது பெயரில் சிறியதாக இருந்தும் 29ஐ விடப் பெரியது. ஆகவே டாம் வீதிக் கடைகளில் டயர் கேட்கும்போது அங்குலத்தோடு நிறுத்தாமல் 559, 584, 622 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும்: 29இன் 622 மில்லிமீற்றர், வீதிச் சைக்கிள்களின் 700சி அளவேதான். றிம்மின் அகலம் இடங்கொடுக்குமானால், வார நாட்களில் காலி வீதியில் ஓடுவதற்கு 700சி வகையில் 40 மில்லிமீற்றருக்குக் கிட்டிய வழுவழுப்பான டயர் ஒன்றை அதில் மாட்டலாம். 27.5இல் அத்தகைய தெரிவு குறைவு.

இனிப் பெரிய சில்லு என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். தரையில் 10 சென்ரிமீற்றர் உயரமான கல்லொன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லு அதன் விளிம்பில் முட்டும் புள்ளியிலிருந்து அச்சுவரை ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோடு நிலைக்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குச் சைக்கிள் மேலே ஏறுவதற்குப் பதிலாகப் பின்னுக்குத் தள்ளப்படும். வழக்கமான டயரைப் போட்டுக் கணக்கிட்டால் 26 அங்குலத்துக்கு அந்தச் சாய்வு ஏறத்தாழ 46 பாகை, 27.5க்கு 44.5, 29க்கு 43. ஒரு கல்லுக்கு இது அற்பமான வேறுபாடு. ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களில் உருண்டைக் கல் பதித்த பழைய பாதைகளில் ஒவ்வொரு மீற்றரிலும் இப்படிப் பல முட்டல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேகம் மிஞ்சுகிறது, கைக்கும் தோளுக்கும் வரும் அதிர்ச்சி கொஞ்சம் குறைகிறது. குழிகளிலும் இதே நியாயம்தான்: பெரிய சில்லு குழிக்குள் அவ்வளவு ஆழமாக இறங்காது.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், ஆனால் ஓடுபவருக்கு உடனே தெரிவதுமான இன்னொரு வேறுபாடு உண்டு. மிதிகள் பொருத்தப்படும் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்பதை, மிதி கல்லில் இடிபடாமல் இருக்கவேண்டும் என்ற தேவையே தீர்மானிக்கிறது. ஆகவே எந்தச் சில்லாக இருந்தாலும் அது ஏறத்தாழ 31 சென்ரிமீற்றரில் நிற்கும். சில்லின் அச்சோ 26இல் 33 சென்ரிமீற்றர் உயரத்திலும் 29இல் கிட்டத்தட்ட 37 சென்ரிமீற்றர் உயரத்திலும் இருக்கிறது. எனவே 26இல் நீங்கள் இரண்டு சில்லுகளுக்கும் மேலே ஏறி நிற்பதுபோலவும், 29இல் இரண்டுக்கும் நடுவே இறங்கி அமர்ந்திருப்பதுபோலவும் உணர்வீர்கள். செங்குத்தான இறக்கத்தில் முன்னுக்குத் தூக்கியெறியப்படுவோமோ என்ற பயம் 29இல் குறைவதற்கு இதுவே பெரிய காரணம். புதிதாக மலைப்பாதைக்கு வருபவருக்கு இந்த நிதானம் மிகவும் பெறுமதியானது.

பெரிய சில்லுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மிகைப்படுத்தப்பட்டது, அது வேகமெடுக்கத் தாமதிக்கும் என்பது. ஒரே வகை டயர், ஒரே வகை றிம் என்று வைத்துக்கொண்டால், 27.5ஐ விட 29இன் விட்டம் ஏறத்தாழ 6.5 சதவீதம் கூடுகிறது; எடையும் அதே அளவுக்குக் கூடும். 700 கிராம் டயர் 745 கிராம் ஆகும். றிம், டியூப், கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு சில்லுக்கும் 200 கிராம் அளவில் கூடலாம். சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்கில் வரும் என்பது உண்மையே. அப்படியானால் 400 கிராம். ஓடுபவரும் சைக்கிளுமாக 79 கிலோகிராம் என்றால், அது அரைச் சதவீதம். சில்லு பெரிதாகும்போது அதே வேகத்துக்கு அது மெதுவாகச் சுழல்வதால், சில்லைச் சுழற்றுவதற்குள்ள தடை (சடத்துவத் திருப்பம்) கூடுவதைக் காட்டிப் பயமுறுத்தும் 20 சதவீதக் கணக்குகள் நேரான பாதையில் வேகமெடுப்பதற்குப் பொருந்தாது. ஆனால் திருப்புவதில் வேறுபாடு இருக்கிறது. சுழலும் சில்லு தன் திசையை மாற்ற மறுக்கும் தன்மை, ஒரே வேகத்தில், 27.5ஐ விட 29இல் 13 சதவீதம் கூடுதலாக இருக்கும். மரங்களுக்கிடையே அடுத்தடுத்து வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் 27.5 துள்ளலாகத் தோன்றுவதும் 29 சற்று மந்தமாகத் தோன்றுவதும் இதனால்தான்.

‘29 கனக்கிறது’ என்று பலர் முறையிடுவதன் உண்மையான காரணம் கியர். சில்லு பெரிதானால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் கூடுதல் தூரம் போகும். அதாவது உங்கள் எல்லாக் கியர்களும் ஒரேயடியாகக் கடினமாகிவிடும். முன் பற்சில்லில் 32 பற்களும் பின்னால் ஆகப் பெரிய பற்சில்லில் 42 பற்களும் இருந்தால், 27.5இல் ஒரு மிதிச் சுற்றுக்கு 1.67 மீற்றரும் 29இல் 1.76 மீற்றரும் போவீர்கள். ஹப்புத்தளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும் பாதையொன்றில் இந்த 9 சென்ரிமீற்றர் முழங்காலில் தெரியும். ஆனால் இது சில்லின் குற்றம் அல்ல, எளிதில் சீர்செய்யக்கூடியதும்கூட: முன் பற்சில்லை 30 பற்களுக்கு மாற்றினால் 29இலும் 1.65 மீற்றருக்கு வந்துவிடலாம். ஆகவே 29 வாங்குபவர் கடையிலேயே முன் பற்சில்லின் பற்களை எண்ணிப் பார்க்கவேண்டும். முன்னால் 32, பின்னால் ஆகப் பெரியது 34 என்று முடிந்துபோகும் சைக்கிளை மலைநாட்டுக்கு என்று யாராவது விற்க முயன்றால், சில்லு எந்த அளவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்னால் இரண்டு, மூன்று பற்சில்லுகள் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

இப்போது உயரம். பெரிய சில்லு வேண்டுமானால் அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் பிரேமிலிருந்துதான் வரவேண்டும். ஒரே அளவு சஸ்பென்ஷன் கொண்ட ஃபோர்க்கை (முன் சில்லைப் பிடித்திருக்கும் கவையை) வைத்து ஒப்பிட்டால், 27.5ஐ விட 29இல் முன்பக்கம் 3 முதல் 4 சென்ரிமீற்றர் வரை உயரக்கூடும், ஏனெனில் சில்லும் உயர்கிறது, அந்தச் சில்லுக்கு இடம்விட ஃபோர்க்கும் நீள்கிறது. உயரமானவருக்கு இது வசதி. 5 அடி 4 அங்குலம் உள்ளவருக்கோ ஹாண்டில் மார்புக்கு நேரே வந்து, ஏற்றத்தில் முன் சில்லு தரையைவிட்டு மிதக்கத் தொடங்கும். வடிவமைப்பாளர்கள் பிரேமின் முன்குழாயைக் குட்டையாக்கி இதைச் சமாளிக்கப் பார்ப்பார்கள்; ஒரு கட்டத்துக்கு மேல் குறைப்பதற்கு ஒன்றும் இருக்காது. பின்பக்கத்திலும் இதே நெருக்கடிதான். செங்குத்தான இறக்கத்தில் சீற்றைவிட்டு எழுந்து பின்னால் சாயும்போது, கால் குட்டையானவருக்குப் பின் டயர் உடம்பில் உரசும் அளவுக்குக் கிட்ட வந்துவிடும். மிகச் சிறிய பிரேம்களில், முன் சில்லைத் திருப்பும்போது மிதியிலிருக்கும் பாதத்தின் நுனியில் டயர் முட்டுவதும் உண்டு.

இதனால்தான் சில நிறுவனங்கள் சில்லைத் தெரிவு செய்யும் வேலையை வாங்குபவரிடம் விடுவதே இல்லை. டிரெக்கின் மார்லின் வரிசையில் சிறிய பிரேம்கள் 27.5 சில்லோடும், நடுத்தரத்திலிருந்து மேலே உள்ளவை 29 சில்லோடும் வந்தன. இது நியாயமான ஏற்பாடு என்பதே என் கருத்து. பொதுவாக 5 அடி 3 அங்குலத்துக்குக் கீழே 27.5, 5 அடி 6 அங்குலத்துக்கு மேலே 29, 5 அடி 10 அங்குலத்தைத் தாண்டியவர் வேறெதையும் பார்த்து நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. நீங்கள் நிற்பது இவற்றுக்கு இடைப்பட்ட ஒடுக்கமான பகுதியில். அங்கே உயரத்தைவிடக் காலின் உள்நீளமே தீர்ப்புச் சொல்லும்: ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் 4 சென்ரிமீற்றர் நீளமாக இருக்கலாம், அவருக்கு 29 பொருந்தலாம்.

போட்டிகளில் வென்றவர் எதை ஓடினார் என்று பார்த்து முடிவெடுப்பது இந்தக் கேள்வியில் அவ்வளவு உதவாது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் முதலானோர் மலையிறங்கிய பழைய சைக்கிள்களுக்குத் தடித்த டயர் கிடைத்தது 26 அங்குலத்தில் மட்டுமே என்பதால்தான் அந்த அளவு நிலைத்தது. அது சிறந்தது என்று யாரும் சோதித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 29க்கென்று ஒரு முறையான தடித்த டயர் 1999இல்தான் வந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் யரோஸ்லாவ் குல்ஹாவி 29இல் தங்கமும் நினோ ஷூர்ட்டர் 27.5இல் வெள்ளியும் பெற்றார்கள். இருவருக்கும் இடையே இருந்தது ஒரு விநாடி. ஷூர்ட்டரும் பின்னர் 29க்கு மாறினார், இன்று குறுக்குநாட்டுப் போட்டிகளில் 29தான் கோலோச்சுகிறது. ஆனால் அவருடைய சைக்கிளின் ஹாண்டிலை எவ்வளவு தாழ்த்திக் கட்டியிருந்தார்கள் என்பதைப் படங்களில் பார்த்தால், அப்படிக் குனிந்தபடி வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய் வேலையில் உட்காரமுடியுமா என்று யோசிப்பீர்கள்.

முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து பூட்டும் முறையும் இருக்கிறது. உலக சைக்கிள் சம்மேளனம் 2019இல் அதைப் போட்டிகளில் அனுமதித்தது. செங்குத்தான இறக்கங்களை வேகமாக ஓடுபவர்களுக்கு அது நல்லது. இரண்டு சில்லும் 29 ஆக வரைந்த பிரேமில் நீங்களாகவே பின்னால் 27.5ஐ மாட்டினால், மிதி அச்சு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும், முன் ஃபோர்க் நிற்கும் கோணமும் ஒரு பாகையளவில் பின்னுக்குச் சாயும்; கல்லில் மிதி இடிபடத் தொடங்கும். உங்கள் தேவைக்கு இது வேண்டியதில்லை.

கொழும்பில் இருப்பவர் கவனிக்கவேண்டிய வேறு சிலவற்றையும் சொல்லவேண்டும். சைக்கிளின் முழு நீளம் என்பது இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தோடு ஒரு சில்லின் விட்டத்தைக் கூட்டினால் வருவது. நடுத்தர அளவு 29 ஒன்று 1.88 மீற்றர் வரை வரும். பழைய 26 ஒன்று 1.72 மீற்றரில் நிற்கும். மாடிக் குடியிருப்பின் லிஃப்டில் 29ஐ நிமிர்த்தி நிறுத்தித்தான் ஏற்றவேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் லிஃப்டின் உயரத்தையும் ஆழத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் நாள்தோறும் இருமுறை செய்யவேண்டிய வேலை அது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, அவிசாவளைப் பக்கத்துச் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு பிரேமுக்குள் திணியும். டயருக்கும் பிரேமுக்கும் இடையே இருபக்கமும் 6 மில்லிமீற்றராவது இடைவெளி இல்லாத சைக்கிள் அங்கே நகராது. சிறிய பிரேமுக்குள் 29ஐ நெருக்கித் திணித்த மலிவான சைக்கிள்களில் இந்த இடைவெளிதான் முதலில் பலியாகிறது.

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை, 26க்கு டியூபும் சாதாரண டயரும் ஊர்ப்புறக் கடைகளிலும் கிடைக்கும். 27.5க்கும் 29க்கும் தரமான டயரைத் தேடிக் கொழும்புக்கே வரவேண்டும். ஆகவே நக்கிள்ஸ் பக்கம் போகும்போது டியூபைக் கையோடு கொண்டுபோங்கள். அவசரத்துக்கு 27.5 டியூபை 29 டயருக்குள் இட்டு வீடுவந்து சேரலாம், இறப்பர் இழுபடும். ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சில்லின் அளவால் வரும் வேறுபாட்டைவிடக் காற்றழுத்தத்தால் வரும் வேறுபாடு பெரிது. 2.25 அங்குல டயரில் 65 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 30 பிஎஸ்ஐக்கு அண்மையில் இருந்தால் தோட்டப் பாதைக்குப் போதும், முன் சில்லுக்கு அதிலும் இரண்டு மூன்று குறைக்கலாம். காற்றடிக்கும் இடத்தில் 50, 60 என்று கல்லுப்போல அடித்துவிட்டு, 27.5 குலுக்குகிறது, 29 வாங்கியிருக்கலாம் என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

பாதி விலை 26ஐப் பற்றி: அது நல்ல நிறுவனம் ஒன்றின் முறையான மலைச் சைக்கிளாக இருந்து, பிரேம் உங்களுக்குப் பொருந்தி, டிஸ்க் பிரேக்கும் இருக்குமானால் யோசிக்கலாம், தோட்டப் பாதையில் அது உங்களைக் கைவிடாது. ஆனால் 2010களின் நடுப்பகுதிக்குள் பெரிய நிறுவனங்கள் 26ஐப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டதால், அதன் ஃபோர்க் பழுதானால் அதே தரத்தில் இன்னொன்று கிடைப்பது அரிது. ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் கீறலோ துருவோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் பாதி விலையும் அதிகம். பிரேக் கட்டைகள் றிம்மைப் பிடிக்கும் வகையாக இருந்தால், றிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். உட்குழிந்திருந்தால் புதிய றிம் தேவைப்படும். பின்னர் 27.5 சில்லை மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் மட்டும் அதை வாங்கவேண்டாம். இடைவெளி போதுமா என்பது பிரேமுக்குப் பிரேம் வேறுபடும், றிம்மைப் பிடிக்கும் பிரேக்கும் புதிய றிம்முக்கு எட்டாது.

ஆகவே கடைக்குப் போகும்போது, ஓடும்போது போடும் சப்பாத்தையே போட்டுக்கொண்டு போங்கள். ஒரே நிறுவனத்தின் சிறிய பிரேமில் 27.5, 29 இரண்டும் இருந்தால் இரண்டையும் கேட்டு வாங்கி ஏறிப் பாருங்கள். மேற்குழாய்க்கு மேலே இரு கால்களையும் தரையில் ஊன்றி நின்றால் குறைந்தது இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கவேண்டும். மிதிமேல் எழுந்து நின்று, சீற்றுக்குப் பின்னால் இடுப்பைக் கொண்டுபோய்ப் பின் டயரோடு உரசுகிறதா என்று பாருங்கள்; ஹாண்டிலை முழுதாகத் திருப்பி முன் டயர் சப்பாத்தில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். ஹாண்டில் சீற்றை விட மிக உயரமாக நின்றால், அதற்குக் கீழேயுள்ள வளையங்களை எடுத்துத் தாழ்த்த முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இவற்றில் ஒன்றில் 29 தவறினாலும் 27.5ஐ எடுங்கள். எல்லாவற்றிலும் தேறி, கியரும் ஏற்றத்துக்குத் தக்கதாக இருந்தால், இந்த ஒருமுறை கடைக்காரர் சொல்வதையே கேட்கலாம்.